ஷிப்பிங் பில் தாக்கலான நாளையே கணக்கில் கொள்ளுங்கள்: சுங்க வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் தலைவர், உறுப்பினர்கள், வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநர், புதுடெல்லி.

பொருள்: ஏற்றுமதிச் சரக்குக்குத் தீர்வை விகிதம் நிச்சயிக்கப்படும் நாளும், அனுமதி தரும் அலுவலகங்களின் பதிலுக்குக் காலவரையறையும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பதினான்கு ஆண்டுகளாக மளிகைச் சரக்கு ஏற்றுமதி செய்து வருகிறேன். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நாடுகளில் தமிழ்க் கடைகளுக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரிகளே என் வாடிக்கையாளர்கள். ஒரே பொருளைக் கண்டெய்னர் கணக்கில் வாங்கும் அளவுக்கு அவர்களில் யாரும் பெரியவர்கள் அல்லர். ஆகவே இருபது அடிக் கண்டெய்னர் ஒன்றில் இட்லி அரிசி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், புளி, அப்பளம், மோர் மிளகாய், சுண்டைக்காய் வற்றல், ஊறுகாய், நல்லெண்ணெய், கோலமாவு என நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் சேர்ந்து போகும். தொழிலில் இதை மிக்ஸ் கண்டெய்னர் என்போம். சென்னை, காட்டுப்பள்ளி, தூத்துக்குடி, கொச்சி ஆகிய நான்கு துறைமுகங்கள் வழியாகவும் நான் சரக்கு அனுப்பியிருக்கிறேன்.

இந்த மடலில் எந்தத் துறைமுகத்தையும் எந்த அலுவலரையும் பெயர் சொல்லிக் குறை கூறப்போவதில்லை. அப்படிச் சொன்னால் இது ஒருவர் மீதான புகாராகச் சுருங்கி, ஒரு விளக்கக் கடிதத்தோடு கோப்பு மூடப்பட்டுவிடும். நான் முறையிட வந்தது சட்டத்தின் அமைப்பைப் பற்றி. ஏற்றுமதி செய்பவர் தர வேண்டிய ஒவ்வொரு தாளுக்கும் கெடு இருக்கிறது. அந்தத் தாளைப் பார்த்து அலுவலகம் தர வேண்டிய பதிலுக்குச் சட்டத்தில் பெரும்பாலும் கெடு இல்லை. அந்தத் தாமதத்தின் நடுவில் விதி மாறினால், மாறிய விதியின் சுமையும் தாமதத்துக்குக் காரணம் அல்லாதவர் தலையிலேயே விழுகிறது. இது எனக்கு எப்படி நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023 ஆகஸ்ட் 22, செவ்வாய்க்கிழமை. ஒன்பது டன் புழுங்கலரிசியும் மற்ற மளிகைப் பொருள்களும் அடங்கிய சரக்குக்கு, ஏற்றுமதி விவரங்களைச் சுங்கத்திடம் தெரிவிக்கும் ஷிப்பிங் பில் தாக்கலாயிற்று. மறுநாள் காலை லாரி, சரக்கைச் சோதித்துக் கண்டெய்னரில் அடுக்கும் சி.எஃப்.எஸ். வளாகத்துக்குள் நுழைந்து, சரக்கு சுங்கத்தின் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இறங்கியது. அன்று மாலை ஒரு கேள்வி எழுப்பப்பட்டது. மோர் மிளகாயைச் சுங்கத் தீர்வை அட்டவணையின் 20ஆம் அத்தியாயத்தில் காட்டியிருக்கிறீர்களே, அது 9ஆம் அத்தியாயத்து மசாலாப் பொருள் அல்லவா என்பது அந்தக் கேள்வி. நியாயமான கேள்விதான். வியாழக்கிழமை காலையில் பதில் கொடுத்தோம். அலுவலர் சொல்லும் தலைப்பையே ஏற்றுக்கொள்வதாகவும் எழுதினோம். அன்று மாலை இரண்டாவது கேள்வி வந்தது. மசாலாப் பொருள் என்றால் ஸ்பைசஸ் போர்டின் ஏற்றுமதியாளர் பதிவுச் சான்று எங்கே என்று கேட்டிருந்தார்கள். அந்தச் சான்று மிளகாய்த்தூளுக்காக முதல் நாளே சுங்கத்தின் ஆவணத் தளமான இ-சஞ்சித்தில் பதிவேற்றப்பட்டு அதே ஷிப்பிங் பில்லோடு இணைக்கப்பட்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டி ஒரு மணி நேரத்துக்குள் பதில் எழுதினோம். மறுநாள் வெள்ளிக்கிழமை, வரலட்சுமி நோன்பு. அன்றைய தினமே புழுங்கலரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீதத் தீர்வை விதித்து அறிவிக்கை வெளியாயிற்று. எங்கள் பதிலைப் பார்த்துச் சரக்கை ஏற்ற அனுமதிக்கும் ஆணை, அதாவது லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர், திங்கட்கிழமை 28ஆம் தேதிதான் கிடைத்தது.

சுங்கச் சட்டம் 1962இன் 16ஆம் பிரிவின்படி, ஏற்றுமதிச் சரக்குக்கு எந்த விகிதத்தில் தீர்வை என்பதை நிச்சயிப்பது ஷிப்பிங் பில் தாக்கலான நாள் அல்ல. 51ஆம் பிரிவின்கீழ் அலுவலர் அந்த ஆணையைத் தரும் நாளே. அறிவிக்கையோ 25ஆம் பிரிவின்படி வெளியிடப்பட்ட அன்றே நடைமுறைக்கு வந்துவிடுகிறது. ஆகவே செவ்வாயன்று தாக்கல் செய்து, புதனன்று சரக்கை ஒப்படைத்து, கேட்டதற்கெல்லாம் பதிலும் தந்த நான் திங்கட்கிழமையின் விகிதத்தில் தீர்வை கட்ட வேண்டியதாயிற்று. அரிசியின் மதிப்பு 3,96,000 ரூபாய். தீர்வை 79,200 ரூபாய். கிலோவுக்கு மூன்று ரூபாய் நிற்கும் என்று கணக்குப் போட்டிருந்த அரிசி அது. ஒன்பது டன்னுக்கும் சேர்த்து 27,000 ரூபாய் கிடைத்திருக்கும். வாங்கியவரிடம் விலையை உயர்த்திக் கேட்க வழியில்லை. அவர் தம் கடைக்காரர்களுக்கு விலை சொல்லி முடித்திருந்தார். அரிசியை மட்டும் இறக்கிவிட்டு மற்றவற்றை அனுப்பலாம் என்றால், பாதி காலியான கண்டெய்னருக்கு முழு வாடகை தர வேண்டும். ஷிப்பிங் பில்லையும் திருத்த வேண்டும். கடன் வாங்கித் தீர்வையைக் கட்டினேன்.

உள்நாட்டில் அரிசி விலை ஏறாமல் காப்பது அரசின் கடமை என்பதை நான் மறுக்கவில்லை. என் ஊரில் ரேஷன் அரிசியை நம்பிச் சமைக்கும் வீடுகள்தான் அதிகம். 2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதிக்குத் தடையும் பச்சரிசிக்கு 20 சதவீதத் தீர்வையும் வந்தபோதும், 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதி முற்றிலும் நிறுத்தப்பட்டபோதும், பருவமழையையும் கொள்முதலையும் பார்த்து எடுக்கப்பட்ட முடிவுகள் அவை என்றே ஏற்றுக்கொண்டோம். முன்கூட்டியே சொன்னால் பதுக்கியும் அவசரமாக ஏற்றியும் அறிவிப்பின் நோக்கத்தையே கெடுத்துவிடுவார்கள் என்ற வாதமும் எனக்குப் புரிகிறது. உலக வர்த்தக நிறுவனத்தின் வர்த்தக வசதிப்படுத்தல் ஒப்பந்தத்தை இந்தியா 2016 ஏப்ரலில் ஏற்று உறுதி செய்தது. புதிய விதிகளை நடைமுறைக்கு வரும் முன்னரே வெளியிட வேண்டும் என்று சொல்லும் அந்த ஒப்பந்தமும் தீர்வை விகித மாற்றங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. ஆகவே முன்னறிவிப்பை நான் கோரவில்லை. அறிவிப்பு வந்த நேரத்தில் சுங்கத்தின் கைக்கு வந்துவிட்ட சரக்கைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். அந்தச் சரக்கைப் பதுக்கல் சரக்கு என்று யாரும் சந்தேகிக்க முடியாது. அது ஏற்கெனவே உங்கள் வேலிக்குள் இருக்கிறது. அதன் எண்ணும் எடையும் நாளும் நேரமும் உங்கள் கணினியில் பதிவாகியிருக்கின்றன.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. ஜூலை 20 தடை அறிவிக்கையில், அறிவிப்புக்கு முன்பே சுங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டு அவர்களுடைய பதிவில் ஏறிவிட்ட சரக்கைக் குறிப்பிட்ட நாள்வரை அனுப்பலாம் என்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் விலக்கு அளித்திருந்தது. ஒரு மாதம் கழித்து வந்த புழுங்கலரிசித் தீர்வையில் அந்த அளவுகோல் மாறிவிட்டது. ஏற்றும் ஆணை கிடைக்காமல் சுங்க வளாகத்தில் கிடக்கும் சரக்காக இருந்தாலும், ஆகஸ்ட் 25க்கு முன்பே திறக்கப்பட்ட எல்.சி. இருந்தால்தான் விலக்கு என்றார்கள். எல்.சி. என்பது வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம். பெரிய அரிசி ஆலைகள் ஆயிரம் டன், பத்தாயிரம் டன் என்று விற்கும்போது அதைக் கேட்டு வாங்குகின்றன. ஒன்பது டன் அரிசிக்கு எந்த மொத்த வியாபாரியும் எல்.சி. திறப்பதில்லை, வங்கிக் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும். எங்கள் வியாபாரம் முப்பது சதவீதம் முன்பணம், மீதி, சரக்கு ஏறியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பி.எல். சீட்டின் நகல் கண்டதும் என்ற பேச்சில் நடக்கிறது. முன்பணம் வங்கி வழியாகத்தான் வருகிறது; வந்த தேதி வங்கியின் பதிவில் இருக்கிறது. அது ஆதாரம் ஆகவில்லை.

வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை 2023இன் 1.05ஆம் பத்தியிலும் இதே நிலைதான். தடையின்றி அனுப்பக்கூடிய பொருளுக்குத் திடீரெனக் கட்டுப்பாடு வந்தால், அதற்கு முன்பே திறக்கப்பட்ட, ரத்து செய்ய முடியாத எல்.சி. உள்ளவர்களுக்கு மட்டுமே அது வழிவிடுகிறது, அந்த எல்.சி.யையும் பதினைந்து நாள்களுக்குள் மண்டல அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். சிறிய ஏற்றுமதியாளரை ஒதுக்க வேண்டும் என்று யாரும் நினைத்து இதை எழுதியிருக்கமாட்டார்கள். ஆனால் நடைமுறையில் இந்தப் பத்தி எங்களில் ஒருவருக்கும் பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

புழுங்கலரிசித் தீர்வை முதலில் 2023 அக்டோபர் 16 வரை என்றுதான் அறிவிக்கப்பட்டது. பிறகு 2024 மார்ச் 31 வரை நீண்டது. அதற்குப் பிறகும் தொடர்ந்தது. 2024 செப்டம்பர் இறுதியில் 10 சதவீதமாகக் குறைந்து, அக்டோபர் 22 அன்று முற்றிலும் நீங்கியது. இந்த ஓராண்டில் என் வாடிக்கையாளர்களில் இருவர் இட்லி அரிசியைத் தாய்லாந்து அரிசிக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் மட்டுமே திரும்பி வந்திருக்கிறார்.

எங்கள் பக்கத்துக் கெடுக்களையும் தாங்கள் ஒருமுறை வரிசையாகப் பார்க்க வேண்டுகிறேன். ஏற்றுமதி, இறக்குமதி செய்யத் தேவையான ஐ.இ.சி. எண்ணின் விவரங்களில் மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் முடிவதற்குள் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். தவறினால் எண் முடக்கப்படும். ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான எல்.யு.டி. உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகத் தர வேண்டும். அந்த உறுதிமொழியில் அனுப்பும் சரக்கு, இன்வாய்ஸ் போட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். இல்லையெனில் பதினைந்து நாள்களுக்குள் வரியையும் 18 சதவீத வட்டியையும் கட்ட வேண்டும். உள்ளூர் ஆலையிடம் 0.1 சதவீத ஜி.எஸ்.டி.யில் வாங்கிய சரக்கு என்றால் 90 நாள்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வந்து சேர ரிசர்வ் வங்கியின் கெடு தனி. இவற்றில் ஒன்றையும் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. இவற்றைப் பழகிக்கொண்டோம், என் கடையில் மேசைக்கு மேல் தொங்கும் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறோம். ஆனால் சரக்கு சி.எஃப்.எஸ்.ஸில் நிற்கும்போது இந்தக் கடிகாரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அலுவலகத்தின் கேள்விக்காகக் கழிந்த நாள்களை இவற்றில் எதிலிருந்தும் யாரும் கழித்துத் தருவதில்லை.

அரசுக்கும் கெடு வைத்த இடங்கள் உண்டு என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஏற்றுமதிக்கான ஜி.எஸ்.டி. ரீஃபண்டில் 90 சதவீதத்தை விண்ணப்பம் ஒப்புக்கொள்ளப்பட்ட ஏழு நாள்களில் தற்காலிகமாகத் தரவும், அறுபது நாள்களில் இறுதி ஆணை போடவும் சட்டமே சொல்கிறது. தவறினால் 6 சதவீத வட்டி. மூலப்பொருள்கள் மீதான தீர்வையை ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தரும் டிராபேக் ஒரு மாதத்துக்கு மேல் தாமதமானாலும் வட்டி உண்டு. இந்த விதிகள் வந்த பிறகு பணம் வருவது சீரானதை நான் என் வங்கிக் கணக்கிலேயே பார்க்கிறேன். அதாவது, கெடு வைத்தால் உங்கள் அலுவலகங்கள் அதைக் காக்கின்றன. வட்டி விகிதத்தில் உள்ள வேறுபாட்டையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். நாங்கள் தாமதித்தால் 18, நீங்கள் தாமதித்தால் 6. தவறாகப் பெற்ற டிராபேக்கைத் திருப்பித் தரும்போது 15, தாமதமாகத் தரும் டிராபேக்குக்கு 6. இது இன்றைய மடலின் முதன்மைக் கோரிக்கை அன்று. ஆனாலும் மனத்தை உறுத்துகிறது.

சரக்கை ஏற்றும் ஆணைக்கு மட்டும் சட்டத்தில் இப்படிப்பட்ட கெடு இல்லை. தேசிய வர்த்தக வசதிப்படுத்தல் செயல்திட்டம் கடல்வழி ஏற்றுமதிச் சரக்கை 24 மணி நேரத்தில் விடுவிப்பதை இலக்காக வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் எடுக்கப்படும் விடுவிப்பு நேர ஆய்வு சராசரி நேரத்தைக் காட்டுகிறது. சராசரி என்பதில், தொழிற்சாலையிலேயே சீல் வைத்து நேராகத் துறைமுகத்துக்குப் போகும் பெரிய நிறுவனங்களின் ஆயிரக்கணக்கான கண்டெய்னர்களும் சேர்ந்திருக்கின்றன. ஒரே பொருள், ஒரே தலைப்பு, பழகிய பெயர். அவை நிற்க வேண்டியதில்லை. நூற்றுப்பத்து வரிகள் கொண்ட என் ஷிப்பிங் பில்லில் ஒவ்வொரு வரிக்கும் எட்டு இலக்கத் தலைப்பு வேண்டும், ஏற்றுமதிப் பொருள் மீதான வரிகளைத் திருப்பித் தரும் ரோட்டெப் திட்டத்தின் பலனைக் கோருகிறேனா இல்லையா என்ற அறிவிப்பு வேண்டும். அவற்றில் ஒரு வரியில் ஐயம் எழுந்தாலும் நூற்றுப்பத்தும் நிற்கின்றன. சிறியவர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதை அந்த ஆய்வில் தனியே எடுத்து வெளியிட்டால், நான் இங்கே விவரிப்பது தனி ஒருவரின் கதையா, பொதுவான நிலையா என்பது தெரிந்துவிடும்.

தலைப்பு பற்றிய ஐயங்களுக்கு முன்தீர்ப்பு ஆணையம் இருக்கிறதே என்று தாங்கள் சொல்லக்கூடும். இருக்கிறது, மூன்று மாதங்களில் தீர்ப்பும் சொல்ல வேண்டும் என்று சட்டம் விதித்திருக்கிறது. ஆனால் அது டெல்லியிலும் மும்பையிலும் அமர்கிறது, ஒரு விண்ணப்பத்துக்கு 10,000 ரூபாய் கட்டணம். கண்டெய்னருக்கு நாற்பது கிலோ போகும் மோர் மிளகாய்க்கு நான் எப்படி மும்பை வரை வழக்காட முடியும்? அதனால் என்ன நடக்கிறது என்றால், ஒரு துறைமுகத்தில் அதை 9ஆம் அத்தியாயம் என்கிறார்கள், இன்னொன்றில் 20 என்கிறார்கள். உப்பும் மோரும் சேர்த்து ஊறவைத்துக் காயவைத்த மிளகாய், காய்ந்த மிளகாயா, பதப்படுத்திய காயா என்பது உண்மையிலேயே எளிதில் சொல்லக்கூடியதல்ல. நம் நாட்டுச் சமையலில் இப்படிப்பட்ட பொருள்கள் நூறு இருக்கும். வாரியமே அமர்ந்து, வற்றல், வடகம், பொடி வகைகளுக்கு என்ன தலைப்பு, எந்தச் சான்று தேவை என்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டால், எத்தனையோ கேள்விகள் எழாமலே போகும். எந்தத் தலைப்பைச் சொன்னாலும் ஏற்போம். எல்லாத் துறைமுகத்திலும் ஒன்றாக இருந்தால் போதும்.

சோதனைகளைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஏற்றுமதியாளர்கள் சோதனையையே எதிர்ப்பதாக ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. 2003இல் ஐரோப்பாவில் இந்திய மிளகாய்த்தூளில் சூடான் சாயம் கண்டுபிடிக்கப்பட்டபோது, கலப்படம் செய்தவர்கள் சிலர். நம்பிக்கை இழந்தது நாடு முழுவதும். 2024 ஏப்ரலில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாக்கள் மீது நடவடிக்கை எடுத்தபோது, அந்தப் பொருளே கலவாத என் மல்லித்தூளையும் சிங்கப்பூர் வியாபாரி ஒருவர் ஒரு மாதம் வேண்டாம் என்றார். அதன் பிறகு அந்த இரு ஊர்களுக்கும் போகும் மசாலாச் சரக்குக்கு முன்சோதனையை ஸ்பைசஸ் போர்டு கட்டாயமாக்கியதை நான் வரவேற்றேன். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் பூச்சிமருந்து எச்சத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சோதனை வைத்திருப்பதும் நம் நன்மைக்கே. தின்பவர்கள் நம் பிள்ளைகள்தாம். என் குறை ஒன்றுதான். மாதிரி எடுக்கும்போது முடிவு எந்த நாளில் கிடைக்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. கப்பலுக்கோ நேரம் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து போகும் பெட்டிகளில் பல, சிறு கப்பலில் கொழும்புக்குப் போய் அங்கே பெரிய கப்பலில் ஏறுகின்றன. இங்கே ஒரு நாள் தவறினால் அங்கே ஒரு வாரமோ அதற்கு மேலோ தவறிவிடும். முடிவு வியாழக்கிழமை வரும் என்று மாதிரிச் சீட்டிலேயே குறித்துக் கொடுத்தால், நான் அடுத்த வாரக் கப்பலில் இடம் போட்டுக்கொள்வேன். வீணாக ஒரு கப்பலுக்குப் பணம் கட்டி அதைத் தவறவிடமாட்டேன்.

காத்திருக்கும் நாள்களுக்கான வாடகையைப் பற்றி ஏற்கெனவே நல்ல விதிகள் இருக்கின்றன என்பதைப் பல ஏற்றுமதியாளர்கள் அறியமாட்டார்கள். எனக்கே நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் தெரிந்தது. சுங்கப் பகுதிகளில் சரக்கைக் கையாள்வதற்கான 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, சுங்க அலுவலர் நிறுத்திவைத்த சரக்குக்கு சி.எஃப்.எஸ். வாடகையோ, டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணமோ கேட்கக் கூடாது. 2018ஆம் ஆண்டு கடல்வழிச் சரக்குப் பட்டியல் ஒழுங்குமுறைகளின்படி, ஷிப்பிங் பில்லில் உள்ளதைச் சரிபார்ப்பதற்காகச் சுங்கம் நிறுத்திவைத்து, உள்ளது சரி என்று பின்னர் தெரியவந்தால், கண்டெய்னரைக் கூடுதல் நாள் வைத்திருப்பதற்கான டிடென்ஷன் கட்டணத்தைக் கப்பல் நிறுவனம் கேட்கக் கூடாது. இவ்வளவு தெளிவாக இருந்தும், என் பதினான்கு ஆண்டுகளில் ஒரு முறைகூட இந்த விலக்கு எனக்குக் கிடைத்ததில்லை. சி.எஃப்.எஸ். காரர்கள் சுங்கத்தின் சான்று கொண்டு வா என்பார்கள். அலுவலகத்தில் கேட்டால், நாங்கள் சரக்கை நிறுத்திவைக்கவில்லையே, கேள்விதானே கேட்டோம் என்பார்கள். ஏட்டின்படி அதுவும் உண்மை. ஆனால் கேள்வி எழுந்த நேரத்திலிருந்து அது மூடப்படும் நேரம்வரை சரக்கு ஓர் அங்குலம் நகர முடியாது என்பதும் உண்மை. வாடகை ஓடுகிறது. கப்பல் ஏறும் அவசரத்தில் பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறோம். பிறகு கேட்க ஆளும் இல்லை, நாளும் இல்லை.

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

அறிவிக்கைக்கு முன்பே ஷிப்பிங் பில் தாக்கலாகி, சரக்கும் சுங்கப் பகுதிக்குள் வந்து பதிவாகியிருந்தால், அதற்குப் பழைய விகிதமே பொருந்தும் என்று 16ஆம் பிரிவைத் திருத்த நிதி அமைச்சகத்துக்குப் பரிந்துரை செய்யுங்கள். சட்டத் திருத்தத்துக்கு நாள் ஆகும் என்றால், அதுவரை ஒவ்வொரு தீர்வை அறிவிக்கையிலும் இந்த விலக்கை ஒரு நிலையான வாசகமாகச் சேருங்கள். 2023 ஜூலையில் எழுதிய வாசகமே போதும். வர்த்தகக் கொள்கையின் 1.05ஆம் பத்தியில் எல்.சி.யோடு, வங்கி வழியாக வந்த முன்பணத்தையும் ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்விகளைப் பொறுத்தவரை, ஒரு ஷிப்பிங் பில்லில் எழும் ஐயங்கள் அனைத்தையும் ஒரே தடவையில் கேட்கும்படி கணினியிலேயே ஏற்பாடு செய்ய முடியும். நாங்கள் பதில் தந்து எட்டு வேலை மணி நேரம் கடந்தும் அலுவலர் முடிவெடுக்கவில்லை என்றால், அந்தக் கோப்பு தானாகவே மேலதிகாரியின் திரைக்குப் போகட்டும். அலுவலர்கள் மீதுள்ள பணிச்சுமையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒருவர் எத்தனை பில்களைப் பார்க்கிறார் என்பதும் தெரியும். கெடு வைத்தால் ஆள் போதாது என்பதும் வெளிப்படும். அதைக் காட்டிக் கூடுதல் பணியிடம் கேட்க வாரியத்துக்கே அது உதவும்.

நிறுத்திவைத்த நேரத்துக்கான சான்றை நாங்கள் மன்றாடிப் பெறும் நிலை வேண்டாம். கேள்வி எழுந்ததும் மூடப்பட்டதும் சுங்கத்தின் இணையதளமான ஐஸ்கேட் பதிவில் நிமிடக் கணக்கில் இருக்கின்றன. உள்ளது சரி என்று ஏற்றும் ஆணை தரப்படும்போதே, இத்தனை மணி நேரம் சுங்கத்தின் சரிபார்ப்பில் இருந்தது என்ற குறிப்பு அந்த ஆணையில் தானாக அச்சாகட்டும். சி.எஃப்.எஸ்.ஸும் கப்பல் நிறுவனமும் அதையே சான்றாக ஏற்க வேண்டும் என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டால், 2009இலும் 2018இலும் எழுதிய விதிகள் பயனுக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. அறிவிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகின்றன. என் போன்றவர்களுக்கு அவை கிளியரிங் ஏஜென்ட் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியாகத்தான் வந்து சேர்கின்றன. அதில் பாதி அவருடைய புரிதல், பாதி அவருக்கு யாரோ சொன்னது. தமிழ்நாட்டில் உள்ள சுங்க ஆணையரகங்கள், தங்கள் பொது அறிவிப்போடு பத்து வரித் தமிழ்ச் சுருக்கம் ஒன்றையும் அதே நாளில் இணையதளத்தில் வெளியிட்டால், மஞ்சள் வியாபாரி முதல் அப்பளக் கம்பெனி வைத்திருக்கும் பெண்கள் குழு வரை எல்லோரும் தாமே படித்துத் தெரிந்துகொள்வார்கள்.

நான் கட்டிய 79,200 ரூபாயைத் திருப்பிக் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. அன்றைய சட்டப்படி அது சரியாகவே வசூலிக்கப்பட்டது. அன்றைய ஷிப்பிங் பில்லின் நகல், இரு கேள்விகளும் எங்கள் இரு பதில்களும் நேரத்தோடு பதிவான திரைப்படிகள், சரக்கு உள்ளே நுழைந்தபோது சி.எஃப்.எஸ். தந்த சீட்டு, வாங்கியவரின் முன்பணம் வந்ததற்கான வங்கிச் சான்று ஆகிய நான்கையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வாரியம் எந்த அலுவலகத்துக்கு அழைத்தாலும் அவற்றோடு வந்து, நாள்வாரியாக எடுத்துச் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திண்டுக்கல் மாவட்டத்து மளிகை ஏற்றுமதியாளர் ஒருவர்